ஓய்வில் வைத்த படம்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். ஐம்பத்திரண்டு வயதாகி, மூட்டு வலிக்கு இரண்டு வேளை மாத்திரை போடுகிற ஒருத்தியைச் சின்னவள் என்று கூப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பெரியவள் என்று ஒருத்தி இருந்தாள், அதனால் இவள் சின்னவளானாள். பெரியவள் பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாள். அது நடந்து நாற்பத்தாறு வருடமாகியும் தங்கைக்கு வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சின்னவளுக்கு அக்காவின் முகம் நினைவில்லை. கஞ்சி போட்ட துணியின் வாசனை நினைவிருக்கிறது. காலையில் பேசும்போது அக்காவின் தொண்டையில் இருந்த கரகரப்பு நினைவிருக்கிறது. முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாற்போல இல்லை. அப்பாவின் சலவைக் கடையில் வயிற்றுக்குக் குறைவில்லை, கேமரா வாங்குகிற அளவுக்குத்தான் ஓட்டமில்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப் படம் ஒன்று உண்டு. அதில் மூன்றாம் வரிசையில் நிற்கும் பெரியவள், யாரும் அசையாதீர்கள் என்று சொன்ன அந்த ஒரே நொடி பார்த்துப் பக்கத்தில் யாரிடமோ பேசத் தலையைத் திருப்பியிருக்கிறாள். கழுத்துக்கு மேலே வெறும் புகைமூட்டம். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சின்னவளின் கண்தான் கெட்டது. பெற்றவர்கள் இருந்தபோதே கேட்டிருக்கலாம். ஆனால் பேச்செடுத்தால் அம்மா அழுவாள், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சரி, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். பிறகு கேட்பதற்கு ஆளில்லை.

அவளுக்கு வேலை ஒரு பைண்டிங் கடையில். அச்சாகி வரும் தாள்களை மடித்து, பக்க வரிசைப்படி அடுக்கி, தைத்துக் கொடுக்க வேண்டும். மடிக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே யாரும் படிப்பதில்லை. படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது. பக்க எண்ணைப் பார்ப்பார்கள், மை அப்பியிருக்கிறதா, படம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் கண் டாக்டர் வீட்டுக் கையேடு மடிக்க வந்தது. கண் டாக்டர் என்றால் அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பாதித்ததையெல்லாம் ஓவியங்கள் வாங்கி வீடு முழுக்க மாட்டினார். போகும்போது, வீட்டையும் படங்களையும் ஊரார் வந்து பார்க்கட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

கையேட்டில் பக்கத்துக்கு நான்கு படம், அடியில் எண். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அறுபத்தொன்று என்ற எண்ணுக்கு மேலே வெறும் கட்டம்தான் இருந்தது. சின்னவள் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"இங்க ஒரு படம் விட்டுப்போச்சு. பாருங்க, பேர் மட்டும் இருக்கு. இஸ்திரி போடும் பெண். எண்ணெய் வண்ணம். வரைஞ்சவர்..." என்று படித்தவள் அங்கே நிறுத்திவிட்டாள்.

வரைந்தவர் பெயர் மாடிக்காரரின் பெயர். சலவைக் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தவர் அவர். சட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வர்ணம் பூசுகிறவர் என்று அப்பா கேலி செய்வார். சட்டையிலும்தான் பூசியிருப்பார், வெளுத்தது அப்பா ஆயிற்றே. உங்க அக்காவை அவர் ஒரு தடவை வரைஞ்சார் என்று அம்மா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அழுதாள்.

முதலாளி அச்சகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அது அப்படித்தான், நீங்க மடிங்க என்று பதில் வந்தது. யாரோ படத்தை அனுப்ப மறந்திருக்கிறார்கள், அச்சகத்தில் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். பைண்டிங் கடையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவளுக்கு வேறென்ன தோன்றும்?

வியாழக்கிழமை லீவு போட்டாள். கணவரையும் கிளப்பினாள். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓவியம் என்றால் அவருக்குப் பஸ்ஸின் பின்பக்கம் எழுதும் எழுத்துதான். ஆனாலும் அக்கா விஷயம் அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அந்தக் குழுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுததை அவர் பார்த்திருக்கிறார். அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. முணுமுணுத்தார், அது வேறு.

பஸ்ஸில் போகும்போது சின்னவள் கேட்டாள். "என்னங்க, பார்த்ததும் தெரியுமா எனக்கு? இவதான்னு?"

"தெரியாம என்ன? உன் அக்காதானே."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா கீழ எழுதியிருப்பான், படிச்சுக்கலாம். பேசாம வா," என்றார் டிரைவர்.

டாக்டர் வீடு ஒரு சாதாரண இரண்டு மாடி வீடு. வாசலில் செருப்புக்கு மேலே மாட்டிக்கொள்ளத் துணி உறை கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு டிரைவர் நடந்த நடையைப் பார்த்தால் வழுக்கி விழுந்து நஷ்ட ஈடு கேட்கப்போகிறவர் போலிருந்தது. எட்டெட்டுப் பேராகத்தான் உள்ளே விடுவார்கள். கூடவே விளக்கம் சொல்ல ஒரு பெண் வந்தாள். நல்ல கணீர்க் குரல். மூன்று வருடமாக ஒரே பேச்சைப் பேசுகிறவள் என்பது அவள் மூச்சு விடும் இடங்களிலிருந்தே தெரிந்தது.

வீட்டில் எல்லாம் டாக்டர் விட்டுப்போன மாதிரியே இருந்தன. கண்ணாடித் தம்ளரில் பல் தேய்க்கும் பிரஷ், பாதி நிரப்பிய குறுக்கெழுத்து, கைப்பிடி தேய்ந்த நாற்காலி. உட்கார்ந்துவிடாதபடி நாற்காலியின் குறுக்கே ஒரு கயிறு. சுவரே தெரியாமல் படங்கள். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இரண்டு, குளியலறையில் மூன்று. குளிக்கும்போதுகூடத் தனியாக இருக்கப் பிடிக்காத மனிதர் போலிருக்கிறது. நடைவழியில் இரண்டு இயற்கைக் காட்சிகளுக்கு நடுவே கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டையும் தொங்கியது. டிரைவர் அங்கே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நகர்ந்தார். அதற்கு மட்டும் எண் கிடையாது.

"எல்லா ஸ்டாப்லயும் நிக்கற வண்டில ஏறிட்டோம்," என்று மனைவியின் காதில் சொன்னார்.

சின்னவள் கேட்கும் நிலையில் இல்லை. அவள் கண் சட்டங்களுக்குக் கீழே இருந்த பித்தளை எண்களிலேயே ஓடியது. கூடத்தில் முப்பது வரை, மாடிப்படியில் நாற்பத்திரண்டு வரை. விளக்கம் சொல்லும் பெண் ஒரு மீன் படத்துக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பேசினாள். மீனில் அவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. மேல் நடைவழியில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. அதற்கப்புறம் டாக்டரின் படுக்கையறை.

உள்ளே ஒரு கட்டில். கட்டிலின் தலைமாட்டில் டாக்டரையே யாரோ வரைந்த படம், அறுபது வயதுக் கோலத்தில், மூக்குக் கண்ணாடியோடு, எல்லோரையும் பரிசோதிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு எதிர்ச்சுவரில், துணி அலமாரிக்கு மேலே, அறுபத்தொன்று என்ற பித்தளை எண்.

எண்ணுக்கு மேலே இருந்தது ஒரு படத்தின் பின்பக்கம். பழுப்பேறிய துணி, நான்கு மரச் சட்டம், குறுக்கே ஒரு கம்பி, மூலையில் பென்சிலால் போட்ட ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

"இங்கதான் எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க," என்று ஆரம்பித்தாள் விளக்கம் சொல்லும் பெண். "டாக்டருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நாம பார்த்துக்கிட்டே இருந்தா கண்ணு களைச்சுப்போகிற மாதிரி, பார்க்கப்பட்டுக்கிட்டே இருந்தா படங்களும் களைச்சுப்போகும். அதனால ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலையில ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, தன் கையாலயே சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். ஒரு வாரம் ஓய்வு. அடுத்த திங்கள் அது இந்தப் பக்கம் வரும், இன்னொண்ணு அந்தப் பக்கம் போகும். பதினோரு வருஷத்துக்கு முன்னால அவர் தவறினப்போ ஓய்வுல இருந்தது இந்தப் படம். தான் போன பிறகு வக்கீலுங்க வந்து எழுதறப்போ எது எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்னு உயில்ல எழுதியிருக்கார். அதனால இது டாக்டர் கடைசியா ஓய்வு கொடுத்த படம். பொதுமக்கள் யாரும் இதைப் பார்த்ததில்லை. ஆனா முதுகும் ஒரு படம்தான்னு எங்க கையேட்டுல ஒரு அறிஞர் எழுதியிருக்கார்."

"அப்ப என் முதுகையும் மாட்டலாம்," என்றார் டிரைவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சின்னவள் சிரிக்கவில்லை. சொன்னது முழுக்கத் தலைக்குள் ஏறவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் ஆத்திரம் வந்தது. அழுகையாக வந்திருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பாள், ஆத்திரமாக வந்ததால் நகர மாட்டேன் என்று கால் ஊன்றிவிட்டது. அக்கா அங்கேதான் இருக்கிறாள். நான்கு முழத் தூரத்தில், ஒரு துணி கனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அவள் முகத்தைச் சுவர் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூடப்பிறந்தவளுக்கு இல்லாத கொடுப்பினை சுண்ணாம்புக்கு.

மற்ற ஆறு பேரும் அறிஞர் சொன்னதை மதித்து அரை நிமிடம் முதுகைப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள். விளக்கம் சொல்லும் பெண் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கீழே போய் சாவியம்மாவை அனுப்பிவைத்தாள்.

சாவியம்மாவுக்கு இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி, அதனால் வந்த பெயர். டாக்டர் இருந்தவரை இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டுக்குச் சமைத்து, பெருக்கி, தூசி தட்டியவர். இப்போதும் அதே தூசியைத்தான் தட்டுகிறார். காப்பாளர் என்று எழுதிய அட்டை ஒன்று மட்டும் நெஞ்சில் புதிதாக ஏறியிருக்கிறது. அறுபத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத வாய்.

"என்னம்மா, உங்க கூட வந்தவங்க எல்லாம் இறங்கிட்டாங்களே."

"நான் இந்தப் படத்தைப் பார்க்கத்தான் வந்தேன்," என்றாள் சின்னவள்.

"பார்த்துட்டீங்கல்ல?"

"முதுகைத்தானே காட்டுறீங்க. அந்தப் பக்கம் இருக்கறது எங்க அக்கா. எங்க வீட்டு மாடியில இருந்தவர் வரைஞ்சது. எனக்கு அவ முகம் ஞாபகமில்லை. வீட்ல ஒரு போட்டோ கிடையாது. பத்தொன்பது வயசுல போயிட்டா. ஒரு நிமிஷம் திருப்பிக் காட்டுங்க, போதும். நான் தொடக்கூட மாட்டேன்."

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

சாவியம்மா தலையை மட்டும் ஆட்டினார். "பத்திரிகைக்காரங்க கேட்டாச்சு, வாத்தியாருங்க கேட்டாச்சு, வெளியூர்ல இருந்து எழுதிக்கூடக் கேட்டாச்சு. வீட்டைப் பார்த்துக்கற டிரஸ்ட்ல முடியாதுன்னுட்டாங்க. அன்னிக்கு இருந்தது இருந்தபடி இருக்கணும். அவர் எழுதிவச்சது."

"அவங்களுக்கெல்லாம் அது படம். எனக்கு அக்கா."

"புரியுதும்மா. என் கையில என்ன இருக்கு?"

டிரைவர் இதுவரை கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் கண் மேஜை மேலிருந்த நாள்காட்டியில் போய் நின்றது. பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருடம் டூட்டிச் சீட்டைப் பார்த்து வாழ்ந்தவர். யாருக்கு எப்போது ஏற்றம், யாருக்கு எப்போது இறக்கம் என்பதில் அவரை ஏமாற்ற முடியாது.

"அம்மா, ஒரு சந்தேகம். டாக்டர் தவறினது ஞாயித்துக்கிழமையா? நாள்காட்டி அதுல நிக்குது."

"ஆமா. சாயங்காலம்."

"படம் திருப்பறது திங்கக்கிழமை காலையில."

"ஆமா."

"அப்படின்னா இதோட ஓய்வு மறுநாள் காலையோட முடியுது. ஒரு வார லீவுல போன ஆளைப் பதினோரு வருஷமா வேலைக்குக் கூப்பிடாம உக்கார வச்சிருக்கீங்க. இதைப் போய்க் கடைசியா ஓய்வு கொடுத்த படம்னு புத்தகம் போட்டிருக்கீங்க. எங்க டிப்போவில இப்படி நடந்தா டூட்டி போட்டவன் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க."

டிரைவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சாவியம்மாவின் முகம் மாறிவிட்டது. அலமாரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"டூட்டி போட்டது நான்தான்," என்றார்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"தன் கையாலன்னு அந்தப் பொண்ணு சொல்லுது பாருங்க, அது புத்தகத்துல இருக்கறது. கடைசி ஆறு வருஷம் ஐயாவுக்குத் தோள்பட்டையைத் தூக்கவே முடியாது. தடியால காட்டுவார், நான் திருப்புவேன். அந்தத் திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிட்டிருந்தேன். இதைத் திருப்பணும்னு ஞாபகமே வரலை. செவ்வாய்க்கிழமை காலையில வக்கீலுங்க வந்துட்டாங்க. ரூம் ரூமாப் போய் எல்லாத்தையும் எழுதினாங்க. ‘அறுபத்தொண்ணு, சுவர்ப் பக்கம்’னு எழுதினப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். ஐயா, அது நேத்தே திரும்பியிருக்கணும், நான் மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துக்கத்துல இருந்தேன், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் பத்திரிகையில வந்துடுச்சு. அப்புறம் அறிஞர் வந்து கட்டுரை எழுதினார். அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அப்படித்தான் ஆகிறது. ஒரு நாள் வேலை தவறினால் மறுநாள் செய்துவிடலாம். தவறியதற்கு ஓர் எண் கொடுத்து, அடியில் பித்தளைத் தகடு அடித்து, விளக்கம் சொல்ல ஓர் ஆளும் போட்டுவிட்டால் தவறு செய்தவளே அதற்குக் காவல் நிற்க வேண்டியதுதான். சாவியம்மா பதினோரு வருடம் நின்றார். வாரம் இரண்டு தடவை அந்த முதுகைத் தூசி தட்டினார்.

"ஒரு வாரத்துக்கு மேல வச்சா படம் கோவிச்சுக்கும்னு ஐயா சொல்வார்," என்றார் மெல்ல.

சின்னவளுக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப நீங்க படத்தைப் பார்த்திருக்கீங்க."

"பார்க்காம? எத்தனை தடவை தூசி தட்டியிருக்கேன், முன்பக்கமும்."

"முகம் நல்லா வந்திருக்கா? எங்க அக்கா எப்படி இருக்கா?"

சாவியம்மா சின்னவளின் முகத்தையே உற்றுப் பார்த்தார். நெற்றி, புருவம், கீழுதடு என்று ஒவ்வொன்றாக, சாமான் சரிபார்க்கிற மாதிரி.

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"ஆறு."

சாவியம்மா போய் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அலமாரிக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றினார்.

"சார், அந்தப் பக்கம் பிடிங்க. சட்டம் கனம். கம்பியைத் தொடாதீங்க, கீழ கை கொடுங்க."

டிரைவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். ஆணியிலிருந்து கழன்றபோது சுவரில் இருந்து ஒரு சிலந்தி ஓடியது. அலமாரி மேலே நிறுத்தி, நிதானமாகத் திருப்பி, மறுபடி மாட்டினார்கள். சாவியம்மா ஒரு துணியை எடுத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு விலகி நின்றார்.

சின்னவள் கண்ணை மூடியிருந்தாள். கணவர் தோளைத் தொட்டதும் திறந்தாள்.

ஒரு ஜன்னல், அதன் வழியாக மஞ்சள் வெயில். ஒரு பக்கம் சட்டைகள் குவியலாக. நீளமான மேஜை. மேஜையில் குனிந்து ஒரு பெண் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தூக்கிக் கட்டிய கூந்தல், வியர்வையில் ஒட்டிய கழுத்து முடி, முதுகில் நனைந்த சட்டை. முதுகுதான் தெரிந்தது. முகம் மேஜைப் பக்கம் இருந்தது. கன்னத்தின் ஓரம் என்று நினைத்து உற்றுப் பார்த்தால் அது காது.

சின்னவள் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். இடது பக்கம் போய்ப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தாள். வரைந்ததில் பின்னால் என்ன இருக்கும்?

"ஒரு தடவை திரும்பச் சொல்லியிருக்கலாமே," என்றாள். "மாடிக்காரருக்கு வாயில்லையா? இந்தப் பக்கம் பாரும்மான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? இதைப் பார்க்கவா நான் வந்தேன்?" அழுதாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்கள் வெளியிடத்தில் அழுகிற மாதிரி அடக்கி அழவில்லை, தேம்பி அழுதாள். கடைசியாக இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போன துக்கம் அது. இனி எங்கே போய் யாரைக் கேட்பது?

சாவியம்மா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையைப் பார்த்துப் பழகிய கண், நடுவில் இருப்பதை விட்டு ஓரத்தைத்தான் முதலில் பார்க்கும்.

"இந்தா, அழாத. கீழ பாரு. இடது மூலையில."

இஸ்திரி போடுகிறவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, அவள் இடுப்புயரத்துக்கு, ஒரு சின்னப் பெண் பக்கவாட்டில் நின்றிருந்தது. வெயில் முழுக்க அதன் முகத்தில் விழுந்திருந்தது. முன் பல் ஒன்று இல்லை. புருவத்தை நெரித்துக்கொண்டு, கீழுதட்டை நீட்டிக்கொண்டு, மேலே அந்தப் பெண்ணின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. மாடிக்காரர் அந்தப் படத்தில் ஒரே ஒரு முகத்தைத்தான் வரைந்திருந்தார். அது இதுதான்.

"இது நீ," என்றார் டிரைவர்.

"உங்களுக்கெப்படித் தெரியும்? எனக்கே தெரியாது."

"எதையாவது வேணும்னு வந்து நிக்கறப்போ இன்னிக்கும் இதே மூஞ்சிதான். இருபத்தெட்டு வருஷமாப் பார்க்கறேன், எனக்குத் தெரியாதா? அந்த உதட்டைப் பாரு."

"அதான் வயசு கேட்டேன்," என்றார் சாவியம்மா.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். தன்னைப் பார்ப்பதைவிட அந்தப் பிள்ளை பார்க்கிற இடத்தைத்தான் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு முகம் தெரிந்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அக்கா குனிந்து பேசியிருப்பாள். பொறாமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் கை கண்ணில் பட்டது.

பெண்ணின் வலது கையில் இஸ்திரிப் பெட்டி. இடது கை மேஜையில் இல்லை. பின்னால் நீண்டிருந்தது. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் பதித்திருந்தது. பிள்ளை மேஜையை எட்டாதபடி அந்தக் கை நின்றது.

"தள்ளறாளா?" என்று கேட்டாள் சின்னவள்.

"தள்ளல," என்றார் டிரைவர். "திடீர்னு பிரேக் போட்டா பக்கத்துல உக்காந்திருக்கறவங்க முன்னால கை போகும் பாரு, அந்தக் கை இது. திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. நினைக்கக்கூட வேணாம், அதுவாப் போகும். ஆனா எல்லாருக்கும் போகாது. நம்ம ஆளுன்னாத்தான் போகும்."

வாழ்நாளில் ஒரு படத்தைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். சின்னவள் தன் வலது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, படத்தில் இருக்கிற இடம்தானா என்று சரிபார்த்து, கொஞ்சம் மேலே நகர்த்திக்கொண்டாள். முகம் கிடைக்கவில்லை என்ற துக்கம் போகவில்லை. அது பாட்டுக்கு அது இருந்தது. ஆனால் அதோடு கூட வேறொன்றும் வந்து உட்கார்ந்தது. தான் ஒருத்தியின் கைக்குள் இருந்திருக்கிறோம் என்பது. அதை இத்தனை வருடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

சாவியம்மா கயிற்றை மறுபடி கட்டினார். பிறகு ஏதோ கணக்குத் தப்பியவர்போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணு இந்தப் பக்கம் வந்தா ஒண்ணு அந்தப் பக்கம் போகணும். அதுதான் வீட்டு வழக்கம். சார், இன்னொரு கை பிடிங்க."

கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் டாக்டரின் படத்தைக் காட்டினார். "பதினோரு வருஷமா வர்றவங்க போறவங்களையெல்லாம் முழிச்சுப் பார்த்துட்டே இருக்கார். களைச்சிருப்பார்."

டாக்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்கள்.

"டிரஸ்ட்காரங்க கேட்டா?" என்றாள் சின்னவள்.

"திங்கக்கிழமை வருவாங்க. மறந்தது நான், இப்ப ஞாபகம் வந்ததும் நான்னு சொல்றேன். சீட்டைக் கிழிக்கட்டும். தூசி தட்ட எனக்கு வேற வீடு கிடைக்கும்." சொல்லிவிட்டுக் கதவின் தாழை எடுத்தார்.

வெளியே அடுத்த எட்டுப் பேரோடு விளக்கம் சொல்லும் பெண் நின்றுகொண்டிருந்தாள். "இங்கதான் எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், எதிர்ச்சுவரைப் பார்த்ததும் அடுத்த வாக்கியத்தை மறந்துபோனாள். மூன்று வருடமாகப் பேசிய படத்தை அவளும் இப்போதுதான் பார்க்கிறாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டு எட்டுப் பேரும் காத்திருந்தார்கள்.

அவர்களில் பை வைத்திருந்த ஓர் அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, படத்துக்குக் கிட்டே நின்ற சின்னவளிடமே கேட்டார். "இது யாருங்க?"

"எங்க அக்கா," என்றாள் சின்னவள். "என்னைப் பிடிச்சிட்டிருக்கா."